சுவருக்கு வைத்த கஞ்சி

என் மகள் தேவி. அவள் வீட்டுக்காரர். பேத்தி, கையில் கைப்பேசியோடு. பெயிண்ட் அடிக்க வந்த இந்தோனேசியர். நான். போன வாரம் சுங்கை பட்டாணியில் ஒரு வெறும் ஹாலில் இவ்வளவு பேரும் நின்றுகொண்டிருந்தோம். நாற்காலி கிடையாது. விசிறி கிடையாது. நாம் ஒன்று பேசினால் சுவர் அதையே திருப்பிச் சொன்னது.

தேவி புது வீடு வாங்கியிருக்கிறாள். தாமான் குடியிருப்பில் வரிசை வீடு, மூலைக்கு முந்தினது. தீபாவளிக்குள் குடிபோக வேண்டும். அதற்குள் பெயிண்ட் முடிய வேண்டும். பேத்தியின் கைப்பேசியைப் பிடுங்கி என்னிடம் காட்டினாள். யாரோ ஒருவர் வீட்டு ஹால். கதவும் ஜன்னலும் பச்சை. ஒரு பக்கத்துச் சுவர் முழுக்க ஆரஞ்சு. பச்சை சோபா, அதன்மேல் ஆரஞ்சுத் தலையணை.

"பச்சையும் ஆரஞ்சும்பா. இப்ப இதான் எல்லாரும் அடிக்கிறாங்க."

"சாப்பாட்டுக் கடை மாதிரி இருக்கும்லா" என்றார் மருமகன்.

"நீங்க சும்மா இருங்க. பில்லு கட்டுற மாதிரி பேசாதீங்க."

"நாந்தான கட்டுறேன்."

இந்தோனேசியர் சிரிக்காமல் நிற்கப் பார்த்தார். முடியவில்லை. கலர் அட்டையை எடுத்துத் தரையில் விரித்தார். ஆரஞ்சு மட்டும் முப்பதுக்கு மேல் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் இங்கிலீஷில் ஒரு பேர். தேவி குந்தி உட்கார்ந்தாள். என்னையும் உட்காரச் சொன்னாள்.

"அப்பா, நம்ம லயத்து வீட்ல ஒரு ஆரஞ்சு இருந்துச்சே. அது எதுப்பா இதுல?"

கண்ணாடி போட்டுக்கொண்டு வரிசை வரிசையாகப் பார்த்தேன். நான் தேடியது அதில் இல்லை. இருக்கவும் முடியாது. அந்த ஆரஞ்சு அடித்த அன்றைக்கு ஒரு நிறம், மறுநாள் வேறு நிறம். எந்த நாளைக் காட்டுவது?

"எதுனாலும் சரி" என்றேன்.

தேவி முகம் சுருங்கிப்போனது. அவள் அம்மாவுக்கும் நான் இதே பதிலைத்தான் சொல்வேன். சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

இந்தோனேசியர் சுவரில் தண்ணீர் தெளித்துத் துடைத்தார். ஈரச் சுவரின் வாடை வந்தது. சிமெண்டுச் சுவர்தான். ஆனால் சிமெண்டு வாடையும் சுண்ணாம்பு வாடையும் பங்காளிகள். ஒன்று வந்தால் மற்றது நினைவுக்கு வரும். வெளியே போய் வாசலில் நின்றுகொண்டேன்.

நான் படித்தது தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நாலாம் வகுப்பு. பேசவும் அவ்வளவாக வராது. எழுதினால் யாரும் குறுக்கே பேசுவதில்லை. அது ஒரு வசதி. தேவியிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் தோட்டம் பாடாங் செராய் பக்கம். கித்தாத் தோட்டம், ரப்பர். நானும் பால்மரம் வெட்டுபவன்தான், என் அப்பாவைப் போல. நாங்கள் இருந்த வீட்டு வரிசைக்குப் புதுலயம் என்று பேர். அது புதிதாக இருந்ததை நான் பார்த்ததில்லை. செங்கல் சுவர். பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுவில் ஒரே சுவர்தான், அதுவும் உத்திரம் வரைக்கும். அதற்குமேல் கூரை வரை வெறும் வெளி. பக்கத்து வீட்டில் வெங்காயம் வதக்கினால் நமக்குக் கண் எரியும்.

பக்கத்து வீடு அஞ்சலை அக்கா வீடு. அக்காவுக்குக் குரல் பெரிசு. சுவர் இருப்பதையே அவர் கணக்கில் எடுத்துக்கொண்டதில்லை.

தோட்டத்தில் ஒரே ஒரு பெயிண்ட் உண்டு. பச்சை. மாவிலை முற்றினால் ஒரு பச்சை வருமே, அது. கம்பெனி டிரம் டிரம்மாக வாங்கும். ஆபீஸ் ஜன்னல், லோரி, பால் கொட்டகைக் கதவு, எங்கள் வீட்டுக் கதவுகள், எல்லாம் அதே பச்சை. கோயில் கேட்டுக்கும் அதைத்தான் அடித்தோம். சாமி ஒன்றும் சொல்லவில்லை.

தேவியின் அம்மா கமலம் அந்தப் பச்சைக்குள் பிறந்தவள் இல்லை. அவள் சுங்கை பட்டாணி டவுனில் வளர்ந்தவள். அப்பா அம்மா சீக்கிரமே போய்விட்டார்கள். அண்ணன்தான் வளர்த்தார். தனபால் என்று பேர். பஸ் கம்பெனி ஆபீசில் கிராணி, கணக்கு எழுதுபவர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. உட்கார்ந்தாலும் மடிப்புக் கலையாது. தங்கச்சிக்கு பேக்டரியில் சூப்பர்வைசர் மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார். காரும் இருந்தது அந்த மாப்பிள்ளைக்கு.

கமலம் பாடாங் செராய்க் கோயில் தீமிதிக்கு வந்த இடத்தில் என்னைப் பார்த்தாள். என்னிடம் என்ன கண்டாள் என்று ஒரு தடவை கேட்டிருக்கிறேன்.

"மத்தவனுங்க எல்லாம் பேசிக்கிட்டே இருந்தானுங்க. நீங்க பேசாம நின்னீங்க" என்றாள்.

என் பேசாமைக்குப் பலன் கிடைத்தது அந்த ஒரு தடவைதான்.

அண்ணன் கல்யாணத்துக்கு வந்தார். அட்சதை போட்டார். பந்தியில் உட்காரவில்லை. "லயத்துக்குத்தான் போவேன்னு நிக்கிற. போ. அந்த வீட்டு வாசல்ல என் கால் படாது" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார். சொன்ன சொல் காப்பவர். மூன்று வருஷம் கால் படவில்லை.

இதற்கு நடுவில் தேவி பிறந்தாள். தவழ்ந்தாள். நடந்தாள். ஒன்றரை வயதாகியும் காது குத்தவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் காது குத்த வேண்டும். எங்களில் அப்படித்தான். மாமன் மடி இல்லாமல் குத்தினால் ஓட்டை விழும், அவ்வளவுதான். லயத்தில் தேவி வயசுப் பிள்ளைகள் எல்லாம் தோடு போட்டுக்கொண்டு திரிந்தார்கள். தண்ணீர்ப் பைப்படியில் பெண்கள் கேட்பார்கள்.

"ஏன் கமலம், புள்ளைக்கு மாமன் இல்லியா?"

ஒரு நாள் இதை நானே காதால் கேட்டேன். கமலம் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை. தெரியாதபோது சாப்பிட்டுவிடுவேன்.

அந்த வருஷம் தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது சேதி வந்தது. தோட்டத்து முக்கில் நிற்கிற பஸ்ஸின் கண்டக்டர் சொல்லிவிட்டுப் போனார். "ஒங்க மச்சான் தீபாவளியன்னிக்கு வர்றாராம். புள்ளையப் பாத்துட்டு, நின்னுட்டுப் போயிருவாராம்."

வந்து கமலத்திடம் சொன்னேன்.

"நின்னுட்டா?"

"நின்னுட்டுத்தான்."

"உக்கார மாட்டாராமா?"

"நின்னுட்டுன்னுதான் சொன்னாரு."

கமலம் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். அந்த ஹாலை அவள் அன்றைக்குத்தான் அண்ணன் கண்ணால் பார்த்தாள் என்று நினைக்கிறேன். சுவரில் பழைய சுண்ணாம்பு உரிந்து கிடந்தது. ஒரு நாற்காலி. ஒரு அலமாரி. ஒரு காலண்டர். அந்தக் காலண்டர் எங்கள் கல்யாண வருஷத்தது. ஏதோ இரும்புக்கடை கொடுத்தது. அதில் ஒரு ஹால் படம். பச்சைக் கதவு, ஆரஞ்சுச் சுவர். நாள் தாள் எல்லாம் கிழிந்து முடிந்தும் படத்தை அவள் எடுக்கவில்லை.

"ஏங்க, வீட்ட இந்த மாதிரி பண்ணணும்" என்று படத்தைக் காட்டினாள்.

"எதுனாலும் சரி."

"எதுனாலும் இல்ல. இந்த மாதிரி."

பச்சைக்குக் கஷ்டமில்லை. ஸ்டோர் கிராணியிடம் போய்க் கேட்டேன். நான் வாய் திறந்து ஒன்று கேட்டதில் அவரே ஆடிப்போனார். அடி தங்கிப்போன மூன்று டின் கொடுத்தார். தயிர் மாதிரி உறைந்திருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றிக் கரைத்தோம். கமலம் கதவுக்கு அடித்தாள். ஜன்னலுக்கு அடித்தாள். அலமாரி, கண்ணாடிச் சட்டம், அரிசி டின் மூடி, துணி மாட்டும் ஆணி. நான் வேலைக்குப் போய்விட்டு வரும்போதெல்லாம் இன்னும் ஒன்று பச்சையாகியிருக்கும். கடைசியில் நாற்காலிக்கும் அடித்தாள், தீபாவளிக்கு முதல் நாள் மத்தியானம். மழைக்காலம். அது காயும் என்று எப்படி நினைத்தாளோ.

ஆரஞ்சுதான் அகப்படவில்லை. பாடாங் செராயில் சீனக் கடை முதலாளி தவுக்கேயிடம் கேட்டேன். ஆரஞ்சு இல்லை என்றார். சிவப்பு இருக்கிறது, மஞ்சள் இருக்கிறது, இரண்டையும் வாங்கிக் கலந்துகொள் என்றார். இரண்டு டின் வாங்கக் கையில் ஏது? சும்மா திரும்பி வந்தேன்.

"என்னாங்க சொன்னாரு?"

"மஞ்சள் இருக்கு, செவப்பு இருக்குன்னாரு."

"மஞ்சள் இருக்கு, செவப்பு இருக்கு" என்று அவளும் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். எழுந்து அடுப்படிக்குப் போய் மஞ்சள் தூள் டப்பாவை எடுத்து வந்தாள்.

தீபாவளிக்குத் தோட்டத்தில் வீட்டுக்கு ஒரு பை சுண்ணாம்பு கொடுப்பார்கள். எல்லார் வீடும் வெள்ளை அடிக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்தால் சிவப்பாகிறதே, அதைச் சுவருக்குச் செய்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. பின்பக்கம் ஏழு கொட்டாங்கச்சிகளை வரிசையாக வைத்தாள். ஒன்றில் சுண்ணாம்பு கூட, ஒன்றில் மஞ்சள் கூட. முதல் கொட்டாங்கச்சி ரத்தச் சிவப்பு.

"கொலை நடந்த வீடு மாதிரி இருக்கும்" என்றேன். எனக்கு அது நீளமான பேச்சு.

அவள் சிரித்த சிரிப்பில் சுண்ணாம்பு சிந்தியது. ஐந்தாவது கொட்டாங்கச்சி சரியாக வந்தது. காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அதே ஆரஞ்சு.

மஞ்சள் தூள் பாடாங் செராயில் பாய் கடையில்தான் வாங்கினேன். நான் கேட்ட அளவைக் கேட்டுப் பாய் தராசை நிறுத்திவிட்டார். "என்னா தம்பி, ஊருக்கே கறி ஆக்கப் போறீங்களா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். சுவருக்கு என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

வெறும் சுண்ணாம்பு சுவரில் நிற்காது. தொட்டால் கையோடு வரும். கொஞ்சம் உப்பும் சோற்றுக் கஞ்சியும் ஊற்றிக் கலக்க வேண்டும். அப்போதுதான் ஒட்டும். இது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். கமலம் நொய்யரிசியில் நல்ல கஞ்சியாகக் காய்ச்சி, உப்புப் போட்டு, ஆற வைத்து, அடுப்போரம் மூடி வைத்துவிட்டுப் பைப்படிக்குத் துணி துவைக்கப் போனாள்.

நான் மரம் வெட்டிவிட்டு, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். மணி இரண்டு இருக்கும். விடிவதற்கு முன் குடித்த ஒரு தேத்தண்ணிதான் வயிற்றில். அடுப்போரம் ஒரு பானை. திறந்தேன். கஞ்சி. ஒரு காய்ந்த மிளகாயைக் கடித்துக்கொண்டு பானையோடு குடித்துவிட்டேன். உப்பு சரியாக இருந்தது.

கமலம் பைப்படியிலிருந்து வந்தாள். சுண்ணாம்பு டிரம் பக்கத்தில் நான் குச்சியோடு உட்கார்ந்திருந்தேன்.

"அடுப்போரம் சுவத்துக்குன்னு கஞ்சி வச்சிருந்தேனே, ஊத்திட்டீங்களா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"ஊத்தியாச்சு" என்றேன்.

எங்கே என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இன்னொரு பானை காய்ச்ச, பண்டிகைக்கு வைத்திருந்ததைத் தவிர, அரிசி இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

அடித்தோம். தென்னம்பாளை நாரில் கட்டிய மட்டைதான் பிரஷ். சாயங்கால வெயில் வாசல் வழியாக வந்து சுவரில் விழுந்தபோது அந்த வீடு எங்கள் வீடாகவே இல்லை. கமலம் ஹால் நடுவில் நின்றுகொண்டு மூக்கில் ஆரஞ்சுப் பொட்டோடு சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். எட்டிப் பார்க்க வந்த அஞ்சலை அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னாடி கமலம், வீட்டுக்கே ஆரத்தி எடுத்துட்டியா?"

"நல்லாருக்காக்கா?"

"கண்ணு கூசுதுடி. நல்லாத்தான் இருக்கு."

தீபாவளி அன்று காலையில் மழை. பத்து மணிக்கு விட்டது. அண்ணன் முக்கில் பஸ் இறங்கிக் குடையோடு நடந்து வந்தார். வெள்ளைச் சட்டை. சப்பாத்தில் செம்மண். வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே இரண்டு பக்கமும் பார்த்தார், வழி தவறி வந்தவர் மாதிரி.

"வாங்கண்ணே" என்றாள் கமலம்.

"வாங்க மச்சான்" என்றேன் நான்.

எனக்குத் தலையை மட்டும் ஆட்டினார். உள்ளே வந்தார். நடந்துவந்த களைப்பு. இருந்த ஒரே நாற்காலியில் உட்காரப் போனார்.

"அண்ணே! அதுல உக்காராதீங்க! பெயிண்டு காயல."

பாதி உட்கார்ந்தவர் அப்படியே எழுந்தார். "பரவால்ல. நின்னுட்டுப் போகத்தான் வந்தேன்."

பாருங்கள். பத்து நாளாக அவரை உட்கார வைக்கத்தான் இவ்வளவு பாடு. உட்கார வந்தவரை அந்த பெயிண்டே எழுப்பிவிட்டது.

அந்த ஹாலிலும் அன்றைக்கு எண்ணி நாலு பேர். கமலம். அண்ணன். தேவி. நான். சுவருக்கு அந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்த அஞ்சலை அக்காவையும் சேர்த்தால் ஐந்து. கமலம் முறுக்குத் தட்டை நீட்டினாள். பசியாறிட்டுத்தான் வந்தேன் என்றார். தேத்தண்ணி கொடுத்தாள். இப்பத்தான் குடிச்சேன் என்றார். பிள்ளைக்கு ஒரு பிஸ்கட் டின்னும் கவுனும் கொண்டுவந்திருந்தார். தேவி அவரைப் பார்த்தாள். கிட்டே போகவில்லை. பேச்சு நின்றுவிட்டது. பேச்சு நின்ற இடத்தில் அதைத் தூக்கிவிட என்னைப் போன்ற ஆள் உதவாது.

கால் மணி நேரம் நின்றிருப்பார். கால் கடுத்திருக்க வேண்டும். மெதுவாகப் பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்தார்.

நான் பார்த்தேன். வாயைத் திறக்க வேண்டிய நேரம் என்று தெரியும். வாய் வரவில்லை. கமலத்தைப் பார்த்தேன். அவள் பயப்படவில்லை. கஞ்சி ஊற்றிய சுவர் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

"சரி, வர்றேன்" என்று அண்ணன் வாசல் பக்கம் திரும்பினார்.

தோளிலிருந்து இடுப்பு வரை முதுகு முழுக்க ஆரஞ்சு. தேவிதான் முதலில் சிரித்தாள். கையைத் தட்டி, "மாமா முதுகு! மாமா முதுகு!" என்றாள். அவள் அவரை மாமா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பொறுக்க முடியாமல் அஞ்சலை அக்கா வாசலுக்கே வந்துவிட்டார்.

"ஐயோ! அண்ணனுக்கும் ஆரத்தி எடுத்தாச்சா!"

அண்ணன் தன் முதுகைப் பார்க்க ஒரு சுற்றுச் சுற்றினார். எட்டவில்லை. இன்னொரு சுற்று. கிராணி, பாவம்.

"என்னா கமலம் இது?"

"மஞ்சண்ணே. சுண்ணாம்பும்."

"சுவத்துக்கா? சுவத்துக்கு யாராவது மஞ்சள் பூசுவாங்களா?"

"ஆரஞ்சு கெடைக்கலண்ணே."

அதைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கிவிட்டது. அண்ணன் அப்போதுதான் வீட்டைப் பார்த்தார். கதவு, ஜன்னல், அலமாரி, அரிசி டின் மூடி. கடைசியில் காலண்டர்.

"இது நம்ம வீட்டுக் காலண்டர்ல?"

"ஆமாண்ணே. வரும்போது எடுத்துட்டு வந்தேன்."

"நாள் முடிஞ்சு மூணு வருசம் ஆச்சு."

"படம் முடியலியே."

அண்ணன் குடையை எடுத்தார். மறுபடி வைத்தார். "இப்பிடியே பஸ்ஸுல ஏறுனா எங்க கண்டக்டருங்களே சிரிப்பானுங்களே" என்றார்.

"கழட்டுங்கண்ணே. அலசிக் குடுத்துர்றேன்."

என் சட்டையைக் கொடுத்தேன். என்னிடம் இருந்த நல்ல சட்டை அது ஒன்றுதான். பச்சைக் கட்டம் போட்டது. நான் உயரம். அவர் என் தோளுக்குத்தான் வருவார். கை விரல் நுனிவரை தொங்கியது. பின்பக்கத்திலிருந்து கமலம் கத்தினாள்.

"ஐயோ அண்ணே, சவுக்காரம் போட்டுட்டேன்! செவந்துபோச்சு!"

ஆரஞ்சாக இருந்தது ரத்தச் சிவப்பாகிவிட்டது. மஞ்சள் கறையில் சவுக்காரம் பட்டால் சிவக்கும் என்பது தமிழ்ப் பெண்களில் யாருக்குத் தெரியாது? எனக்கே தெரியும்.

"வெயில்ல போடுடி. மஞ்சக் கறைய வெயிலு தின்னுரும்" என்றார் அஞ்சலை அக்கா.

நல்ல காலம், மேகம் விலகி வெயில் வந்தது. காயும்வரை இருக்கச் சொன்னோம். அண்ணனுக்கு வேறு வழி இல்லை. தரையில் பாய் போட்டோம். உட்கார்ந்தார். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் மொள்ளப் பின்பக்கம் போனேன். துணிக்கொடியில் பாதிக்குமேல் நல்ல வெயில். அங்கே எங்கள் துண்டுகள் தொங்கின. அண்ணன் சட்டை கோடியில், பலாமர நிழலில் தொங்கியது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. கமலம் அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். நான் சட்டையைப் பார்ப்பதைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். தண்ணீரைக் குடித்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

மணி ஒன்றானது. சட்டை காயவில்லை. இலை போட்டாள். பசியாறிவிட்டு வந்தேன் என்ற பேச்சு அதற்குமேல் செல்லாது. ஆட்டுக்கறி. முதலில் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். பிறகு, "இந்தக் கறி அம்மா வைக்கிற மாதிரி இருக்கு. இன்னுங் கொஞ்சம் வை" என்றார். கமலம் வைத்தாள்.

தேவி அவர் போட்டிருந்த என் சட்டையை முகர்ந்து பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த சட்டை. யார் உள்ளே இருந்தால் என்ன? நேராகப் போய் அவர் மடியில் உட்கார்ந்து பையில் கையை விட்டுத் துழாவினாள். அண்ணன் இடது கையால் அவள் முடியை ஒதுக்கினார். காதைப் பார்த்தார். அந்தப் பக்கத்துக் காதையும் பார்த்தார்.

"இன்னும் குத்தலியா?"

கமலம் கரண்டியோடு நின்றாள். "மாமன் மடி வேணும்ல அண்ணே."

அண்ணன் இலையில் இருந்த கடைசிக் கவளத்தை உருட்டினார். உருட்டினார். வாயில் போட்டார். மென்றார். ஒரு ஆள் ஒரு வாய்ச் சோற்றை மெல்ல அவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"தை பொறக்கட்டும். நாள் பாக்குறேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "மாப்ள, நீங்க அன்னிக்கு லீவு சொல்லிருங்க."

மூன்று வருஷத்தில் என்னை அவர் மாப்பிள்ளை என்று கூப்பிட்டது அப்போதுதான்.

"ம்" என்றேன்.

அஞ்சலை அக்கா அதிரசத்தோடு வந்தார். ஆரஞ்சுச் சுவர், முன்னால் பச்சைச் சட்டையில் அண்ணன், மடியில் பிள்ளை. "அப்பிடியே காலண்டர் படமாட்டம் இருக்கீங்கண்ணே" என்றார். அண்ணன் வெட்கப்பட்டார். கமலம் அடுப்படிக்குள் போய்விட்டாள். வெங்காயம் நறுக்குகிறேன் என்றாள். சமையல் எல்லாம் முடிந்திருந்தது.

நாலு மணிக்குக் கிளம்பினார். சட்டை ஈரம். சிவப்பும் பாதி இருந்தது. "இருக்கட்டும். காது குத்துக்கு வரும்போது எடுத்துக்கிறேன்" என்று என் சட்டையோடேயே பஸ் ஏறினார். தை மாசம் வந்தார். தேவி அவர் மடியில் உட்கார்ந்து லயமே கேட்க அழுதாள். வெள்ளைச் சட்டையில் கறை இல்லை. வெயில் தின்றிருந்தது. கமலம் இஸ்திரி போட்டு வைத்திருந்தாள்.

சுவரையும் வெயில் தின்றது. வாசல் வெளிச்சம் விழும் இடத்தில் முதலில் போனது. ஒரு வாரத்தில் மஞ்சள். பொங்கலுக்கெல்லாம் எலுமிச்சைத் தோல் வெளுத்த மாதிரி ஒரு நிறம். கமலம் வருத்தப்படவில்லை. "அடுத்த தீபாவளிக்கு அடிச்சிக்கலாம்" என்றாள்.

அடுத்த தீபாவளிக்கு முன்னால் நான் மரம் வெட்டிவிட்டு வந்தபோது அடுப்போரம் இரண்டு பானை இருந்தது. இரண்டிலும் கஞ்சி.

"இது சுவத்துக்கு. இது ஒங்களுக்கு" என்றாள்.

எப்போதிலிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை. உட்கார்ந்து என் பானையைக் குடித்தேன். ஆனால் அண்ணனிடம் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் அவர் கலர் சட்டையில்தான் வந்தார். உள்ளே வந்ததும் முதல் வேலையாகச் சுவரை ஒரு விரலால் தொட்டு, விரலைத் தூக்கிப் பார்ப்பார்.

"இந்த வருசம் ஒட்டல மாப்ள. கஞ்சி சுவத்துக்குக் கெடச்சிருக்கு."

நாற்காலியில் உட்காருவார். சாப்பிடாமல் போனதே இல்லை.

பிறகு கித்தாவை அழித்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை போட்டார்கள். தோட்டம் கை மாறியது. லயத்தைக் காலி பண்ணச் சொன்னார்கள். பாடாங் செராயில் மூன்றாம் மாடியில் ஒரு வீடு கிடைத்தது. அங்கே சுவர் வெள்ளை. நல்ல பெயிண்ட், துடைத்தால் போதும். தோட்டத்துச் சுண்ணாம்பும் இல்லை, பச்சையும் இல்லை. கமலம் ஒரு பச்சைத் திரை வாங்கிப் போட்டாள். டிவி மேல் ஆரஞ்சு பிளாஸ்டிக் பூ வைத்தாள். அண்ணன் முழங்கால் வலியோடு மாடி ஏறி வருவார். ஏறிவந்து பழக்கத்தில் சுவரைத் தொட்டுப் பார்ப்பார். விரலைத் தூக்கிப் பார்க்காமல் உட்காருவார். பிறகு ஏற முடியாமல் போனது. பிறகு அவரே போய்ச் சேர்ந்தார். அஞ்சலை அக்கா மகனோடு ஜொகூருக்குப் போனார். அந்தக் குரலுக்கு அங்கே என்ன சுவரோ, தெரியாது.

கமலம் போய் நாலு வருஷம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சவுக்காரம் தெரிந்துதான் போட்டாயா, சட்டையை நிழலுக்கு நகர்த்தினது நீதானே என்று கேட்க நினைத்தேன். பதில் எனக்குத் தெரியும். அவள் வாயால் சொல்லிச் சிரிப்பதைக் கேட்க வேண்டும் என்று ஆசை. தண்ணி வேணுமா என்று மட்டும் கேட்டேன்.

தேவி வீட்டில் நேற்று பெயிண்ட் முடிந்தது. கதவு பச்சை, ஒரு சுவர் ஆரஞ்சு. மருமகனே நன்றாக இருக்கிறது என்றார். யாரும் பார்க்காதபோது போய் விரலால் தொட்டுப் பார்த்தேன். விரலில் எதுவும் வரவில்லை. நல்ல பெயிண்ட்.

லயத்தை உடைத்த வாரம் நானும் கமலமும் மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்தோம். கூரை இல்லை. எங்கள் ஹால் எது என்பதே பிடிபடவில்லை. பச்சைக் கதவு ஒன்று குப்புறக் கிடந்தது. பக்கத்தில் சுவர்த் துண்டுகள். கமலம் குனிந்து உள்ளங்கை அகலத்தில் ஒன்றை எடுத்துப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். உடைந்த ஓரத்தில் கோடு கோடாகத் தெரிந்தது. வெயில் தின்ற மெல்லிய வெள்ளை, மெல்லிய மஞ்சள், மறுபடி வெள்ளை, மறுபடி மஞ்சள்.

"உள்ள இருந்தது போவலங்க, பாருங்க" என்றாள்.

தீபாவளிக்கு ஒன்றாக இருந்த மஞ்சள் கோடுகளை மட்டும் நகத்தால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். நானும் கூடவே எண்ணினேன்.

ஒன்பது.